கண்டல் நட்ட திட்டு

பிப். 10, திங்கள்

காலையில் நல்ல பனி. கொடியில் கிடந்த வெள்ளைப் புடவையில் அனல்மின் நிலையச் சாம்பல். தட்டினால் போகாது, தேய்த்தால் உள்ளே இறங்கும். மறுபடி அலசினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணிச் சிக்கனம் சொல்லித்தருகிற டீச்சர் வீட்டில் ஒரு புடவைக்கு ரெண்டு குடம். வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். அடிபம்பு வரிசையில் நிற்கிறது அவர் இல்லையே.

பள்ளியில் பார்க்க வேண்டியது:
- ஒழுகும் குழாய் மூணு. நிமிஷத்துக்கு எவ்வளவு சொட்டுகிறது என்று பசங்களை அளக்கவிடணும்.
- கை கழுவுகிற தண்ணி வாழைக்குப் போகிற வாய்க்கால் திரும்ப அடைப்பு.
- மழைநீர்க் குழி மூடியைக் காணோம். யார் வீட்டுச் சாக்கடை மேல் கிடக்கிறதோ.
- சனிக்கிழமை திட்டில் செடி எண்ணணும்.

9 பி குழாய் அளந்தது. சுரேஷ், லாரி டிரைவர் மகன், வாய் ஓயாத ஜென்மம். "மிஸ், இந்தத் தண்ணி மஞ்சளா கீது, வாயில வெக்க முடில. இது சொட்னா இன்னா, சொட்டாங்காட்டி இன்னா?" முட்டி போடு என்றேன். அப்புறம் நாள் முழுக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ரேவதி அளந்தது மட்டும் சரி. மூணு தரம் அளந்து நடுவில் உள்ளதை எழுதியிருக்கிறாள். நான் சொல்லித்தரவே இல்லை. சுற்றுச்சூழல் மன்றத் தலைவியாக அவளைப் போட்டதில் தப்பே இல்லை.

பிப். 15, சனி

திட்டுக்குப் போனோம். நானும் பன்னிரண்டு பிள்ளைகளும். செருப்பெல்லாம் கரையில், சுரேஷ் காவல்.

271 உயிரோடு. முந்நூறில் 271. உட்கார்ந்து அழலாம் போல சந்தோஷம். பாலத்துக்கு அந்தப் பக்கம், மீனவர் குப்பத்தை ஒட்டி, ஆற்றில் தண்ணி வத்தினால் தெரிகிற சேற்றுத் திட்டு. இடம் நான் பார்த்ததுதான். மற்ற கரையெல்லாம் சாம்பல் படிந்து சிமென்ட் மாதிரி, கல்லும் பிளாஸ்டிக்கும். இது ஒன்றுதான் வெண்ணெய் மாதிரி சேறு, ஒரு கல் கிடையாது, கிளிஞ்சல் கிடையாது. சும்மா கிடக்கிற இடம் என்று பசங்களிடம் சொன்னேன்.

மழைக்காலத்தில் விதை பொறுக்கி, பால் பாக்கெட்டில் போட்டு, ஆற்றுத் தண்ணியைக் கேனில் சுமந்து ஊற்றி, ரெண்டு மாசம் பள்ளிக்குப் பின்னால் வளர்த்த கண்டல், அலையாத்திச் செடி. பொங்கல் கழித்து நட்டோம். சுற்றி மூங்கில், பழைய வலை. ஒரு போர்டு: மாணவர் நட்ட கண்டல் காடு, உள்ளே வராதீர். எழுத்து ரேவதி கை.

சேற்றில் நடக்க அவளுக்குத்தான் வருகிறது. முட்டியை மடக்கி, பாதத்தைச் சாய்த்து எடுக்கிறாள். நாங்களெல்லாம் இடுப்பு வரைக்கும் புதைந்து நிற்கிறோம். எங்கே கத்துக்கிட்டே என்றேன். "சும்மா மிஸ்." அப்பா இல்லாத பெண். அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள். மேலே கேட்கவில்லை.

பிப். 19, புதன்

இடுப்பு வலி. மணலிப் பக்கத்து ஆலைக் காற்று, மூன்றாம் பீரியட் முழுக்க எல்லாரும் மூக்கைப் பிடித்தபடி. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்.

ஹெச்.எம். கூப்பிட்டார். அடுத்த மாசம் முதல் வாரம் மேலிடத்திலிருந்து ஒரு ஆபீஸர் வருகிறாராம், மன்றத்து வேலையைப் பார்க்க. நல்லா இருந்தா மாவட்டத்துக்கே மாதிரின்னு நம்ம பேரைப் போடுவாங்க மேடம் என்றார். பதினாறு வருஷ சர்வீஸில் என்னை யாரும் மாதிரி என்று சொன்னதில்லை. ஆசை வந்துவிட்டது. இதில் பொய் எழுதி என்ன பயன்.

பிப். 24, திங்கள்

நாசம்.

பிரேயர் முடியவில்லை, சுரேஷ் ஓடி வருகிறான். "மிஸ், செடிய புடுங்கிக்கீறாங்க." 9 பியை அப்படியே கிளப்பிக்கொண்டு போனேன். அட்டெண்டன்ஸ் கூட எடுக்கவில்லை.

போனது: நடுவில் இருந்த அத்தனையும். 190க்கு மேல். வலை ரெண்டு பக்கம் அவிழ்த்து. அறுக்கவில்லை, முடிச்சை அவிழ்த்து, சுருட்டிக் கரையில் வைத்திருக்கிறது. செடிகளைக் கரையிலேயே அடுக்கி, வேர் சேற்றோடு, மேலே ஈரச் சாக்கு. போர்டைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள்.

ஆடு மாடு இல்லை. மனுஷக் கை. சேறு முழுக்க விரல் தடம், வரிவரியாக.

பசங்கள் அழுதார்கள். கேன் சுமந்து தோள் தழும்பேறிய பசங்கள். எனக்கு ஆத்திரம். குப்பத்துப் பக்கம் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். கலீஜு பிடிச்ச ஜனங்க என்று சொன்னேன். தண்டையார்பேட்டையில் பிறந்த நான், அடுத்தவர் எங்களைச் சொல்வதை அப்படியே திருப்பிச் சொன்னேன். ரேவதி பக்கத்தில்தான் நின்றாள். சாக்கை எடுத்துத் தண்ணியில் நனைத்து மறுபடி செடி மேல் போட்டாள்.

பிப். 25, செவ்வாய்

ராத்திரி தூக்கமில்லை. காலையில் நேராக ஹெச்.எம். ரூம். "போலீஸெல்லாம் எதுக்கு மேடம். குப்பத்துல பேசிக்கலாம். நாம இன்னும் இந்த ஊர்லதான் குப்ப கொட்டணும்" என்றார். பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டினேன். இப்போது எழுதும்போதும் திட்டுகிறேன்.

மூணாம் பீரியடில் பலகையில் புகார் மனு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். பாடமாகவே நடத்தினேன். குடிமகன் கடமை என்றெல்லாம் பேசினேன், நன்றாகவே பேசினேன். மன்றப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் கையெழுத்து. தலைவிதானே முதலில் போடணும்.

ரேவதி பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "மிஸ், கையெழுத்து போட்டா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது. இனிமே செடியைப் பத்திரமா பாத்துப்பாங்க."

"யார்னு கண்டுபுடிப்பாங்களா மிஸ்?"

"கண்டுபுடிக்கட்டுமே. உனக்கென்ன பயம்?"

போட்டாள். அழகான கையெழுத்து. க்ளாஸ் மொத்தமும் கை தட்டியது.

சாயங்காலம் நானே ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுத்தேன். அங்கே இருந்த ஏட்டு படித்துவிட்டு, பள்ளிக்கூட சமாச்சாரமா, பாத்துக்கறோம்மா என்றார். நிம்மதியாக இருந்தது. வழியில் ரெண்டு முழம் கதம்பம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிப். 26, புதன்

பிடுங்கிய செடிகளை மறுபடி நட்டோம். சாக்குக்குக் கீழே இருந்ததால் ஒன்றும் வாடவில்லை. ரேவதி வரவில்லை. ஜுரமாம்.

ரேஷன். கெரசின். வீட்டுக்காரர் சட்டைப் பித்தான்.

பிப். 27, வியாழன்

மதியச் சாப்பாடு பெல். சுரேஷ் வாசலில். எப்போதும் இல்லாமல் மெதுவாகப் பேசினான்.

"மிஸ், காலைலயே போலீஸு குப்பத்துக்கு வந்துச்சு. ரேவதி அம்மாவையும் இன்னொரு ஆயாவையும் இட்டுனு போய்ட்டாங்க."

"ரேவதி அம்மாவை ஏன்டா?"

"அவங்கதான் மிஸ் செடிய எடுத்தது. குப்பத்துல எல்லாருக்கும் தெரியும்."

சோறு அப்படியே. ஆட்டோ பிடித்து ஸ்டேஷன்.

ரெண்டு பேரும் தரையில், சுவரோரம். அந்த ஆயா சுருண்டு படுத்திருந்தது. கன்னியம்மா, ரேவதியின் அம்மா, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். முழங்கை வரைக்கும் தோல் வெளுத்து, நகமெல்லாம் கறுப்பு. மீன் விற்கிற கை இல்லை அது. பார்த்ததும் புரிந்துவிட்டது. வருஷக்கணக்காகச் சேற்றில் ஊறின கை.

"நீதான் அந்த டீச்சரா" என்றாள். "எம் பொண்ணு வூட்ல உன்னிய பத்திதான் பேசினு கெடக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"வூட்ல கடலுக்குப் போற ஆம்பள இல்லாதவங்களுக்குன்னு ஊரு வுட்ட திட்டு அது. தண்ணி வத்துனா நாங்க எட்டுப் பேரு எறங்கி சேத்துல எறா தடவிப் புடிப்போம், கையாலதான். வல கெடையாது, போட் கெடையாது. பறிக்கூடைய பல்லுல கட்சிகினு தடவுறதுதான். எங்க மாமியா காலத்துலேர்ந்து கல்லு, கிளிஞ்சலு ஒண்ணொண்ணா பொறுக்கி வெளிய போட்டு அந்த சேத்த வெச்சிகினு கீறோம். நீ வந்து நட்ட. பசங்க ஆசையா நட்டுதுங்க, போவட்டும்னு ஒரு மாசம் ஓரத்துலயே தடவுனோம். ஓரத்துல இன்னா கீது? ஒண்ணுங் கெடையாது. அப்பால நடுவுல மட்டும் எடுத்தோம். அதுங்கூட சாவக் கூடாதுன்னு சாக்கு போட்டு வெச்சேன்."

வெண்ணெய் மாதிரி சேறு என்றேனே. கல் ஒன்று கூட இல்லை என்றேனே. அது தானாகவா அப்படி இருக்கும். பதினாறு வருஷம் சயின்ஸ் எடுக்கிறவளுக்குத் தோன்றவில்லை.

"ரேவதி ஏன் என்கிட்ட சொல்லல?"

"அத்த நீதான் அதுங்கிட்ட கேக்கணும்."

மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று ஏட்டிடம் சொன்னேன். இப்ப வந்து சொல்றீங்களே என்று ஒரு பாட்டம் திட்டினார். வாங்கிக்கொண்டேன். எழுதிக் கொடுத்ததும் சாயங்காலம் விட்டார்கள். ஆயாவால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆட்டோவில் ஏறுங்க என்றேன். கன்னியம்மா ஏறவில்லை. ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள், ஹைரோடு ஓரமாக, கன்டெய்னர் லாரிக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி.

பிப். 28, வெள்ளி

பள்ளி விட்டதும் குப்பம். ரேவதி வீடு. கதவில்லை, சாக்குத் திரை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், க்ளாஸில் நிற்கிற மாதிரியே.

ஏம்மா சொல்லல என்றேன். மூணு தரம் கேட்டேன்.

"நீங்க சும்மா கெடக்குற எடம்னு சொன்னீங்க மிஸ். எல்லாரும் ஆமான்னாங்க." கையிலிருந்த குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்கம்மா சேத்துல தடவுறது கிளாஸ்ல யாருக்கும் தெரியாது மிஸ். காசிமேட்ல கடை வெச்சிகீதுன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

"சரி, கையெழுத்து? அது ஏன் போட்டே?"

"நீங்கதான ஒண்ணும் ஆவாதுன்னீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கணக்குக்கு விடை சொல்வது போலத்தான் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இது நான் நினைத்தே பார்க்காதது.

ஊர் விஷயம் எதுவானாலும் ஊருக்குள் பேசணும், ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனால் குற்றம். குப்பத்துக் கட்டுப்பாடு அது. மனுவில் முதல் கையெழுத்து ரேவதி. ஏட்டு குப்பத்தில் நின்று பேர் பேராகப் படித்துக் காட்டியிருக்கிறார். காலையில் ஊர்க் கூட்டம். ஓடினேன்.

மாதா கோயிலுக்கும் நம்ம கோயிலுக்கும் நடுவில் உள்ள மணலில் ஆம்பளைகள் எல்லாரும். பெரியவர்கள் மரியாதைக்குக் குறைவில்லை. சேர் போட்டார்கள். கலர் சோடா வாங்கி வரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன்: எழுதினது நான். பலகையில் நான் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதினாங்க. கையெழுத்துப் போடச் சொன்னது நான். தப்பு முழுக்க என்னோடது, என்ன வேணாலும் என்னைச் சொல்லுங்க.

பெரியவர் ஒருத்தர், வெள்ளை மீசை, நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நீங்க டீச்சரு. வெளியாளு. உங்க மேல எங்களுக்கு ஒண்ணுங் கெடையாது. இது எங்க பொண்ணு."

"சின்னப் பொண்ணுங்க. தெரியாம போட்டுடுச்சு."

"ஒம்போதாவது படிக்குது. படிக்கத் தெரியாமயா போட்டுது?"

படிப்பு இல்லாத பெண்ணாக இருந்தால் மன்னித்திருப்பார்கள்.

தீர்ப்பு: கன்னியம்மா ஒரு வருஷம் திட்டில் இறங்கக் கூடாது. மற்ற ஏழு பேர் இறங்கலாம். செடியை நாங்கள் எடுத்துவிட வேண்டும்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி, ஸ்டேஷனில் சுருண்டு கிடந்த ஆயா, எழுந்து, எம்பங்க கன்னியம்மாவுக்குக் குடுத்துடுறேன் என்றது. குந்து ஆயா என்றார்கள். குந்திவிட்டது.

கலரை அந்த சேர் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸர் வந்தார். தள்ளி வைக்கச் சொல்லி ஹெச்.எம்.மிடம் கெஞ்சினேன், முடியாதென்றுவிட்டார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை, பாலத்தின் மேலிருந்தே பார்த்தார். வரிசையாக நிற்கிற செடி அங்கிருந்து அழகாகத்தான் தெரிகிறது. பிரமாதம் மேடம் என்றார். போட்டோ. மன்றத் தலைவி யார் என்றார். லீவு சார் என்றார் ஹெச்.எம். சுரேஷை முன்னால் தள்ளி நிற்க வைத்தார்கள்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஹெச்.எம். முகத்தைப் பார்த்தேன், விட்டுவிட்டேன். கோழை. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதியது இந்த நோட்டில்தான்.

மார்ச் 5, புதன்

9 பியில் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே, மேஜையைப் பிடித்துக்கொண்டு. இடம் யாருடையது என்று கேட்காமல் நட்டேன், என் தப்பு என்றேன். ரேவதி அம்மா என்ன வேலை செய்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவள் மறைத்து வைத்தது. குப்பம் முழுக்கத் தெரிந்தாலும் என் வாயால் வேண்டாம்.

சுரேஷ் எழுந்தான். "அப்ப செடி நடுறது தப்பா மிஸ்?" இல்லை என்றேன். "அப்ப புடுங்குனது தப்பா?" இல்லை என்றேன். "அப்பால ரேவதி ஏன் மிஸ் வர்ல?"

மத்தியானம் போய் எல்லாவற்றையும் எடுத்தோம். பசங்களைக் கரையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் இறங்கினேன். பத்து செடி எடுப்பதற்குள் மூச்சு வாங்கியது. பிறகு சுரேஷ் கேட்காமலே இறங்கிவிட்டான், பின்னாலேயே எல்லாரும். செடியெல்லாம் பள்ளிக்குப் பின்னால் பாத்திரம், டப்பா, உடைந்த தொட்டி என்று கிடைத்ததில். பாதி பிழைத்தால் அதிகம்.

வீட்டில் வந்து அழுதேன். வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 8, சனி

ரேவதி கல்மண்டபத்தில் இறால் உரிக்கிற ஷெட்டில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி. போனேன். ஐஸ் தண்ணி தரையெல்லாம் ஓடுகிறது, நாற்பது ஐம்பது பொம்பளைகள், நடுவில் இவள். தலையில் துண்டு. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, ரெண்டு இடத்தில் முள் கிழித்து. உரித்த இறாலைப் பக்கத்தில் பத்துப் பத்தாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருக்கு, எழுதிடு, அதுவரைக்கும் என் வீட்டில் வந்து இரு, நான் பாத்துக்கறேன் என்றேன். கன்னியம்மாவும் அங்கேதான், ரெண்டு வரிசை தள்ளி. கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து வந்தாள்.

"ஒரு தபா உன்னிய நம்பி அனுப்சேன் டீச்சரு." குரலை உயர்த்தவே இல்லை. "நீ கெட்டவ இல்ல. அத்த நான் எங்க வேணா சொல்றேன். ஆனா இனிமே வேணாம்."

ரேவதியைப் பார்த்தேன். தலை நிமிரவில்லை, கை நிற்கவில்லை. போய் வருகிறேன் என்றதற்கு, சரி மிஸ் என்றாள்.

மார்ச் 10, திங்கள்

வெயில் ஆரம்பித்துவிட்டது. அடிபம்பில் காற்றுதான் வருகிறது.

கன்னியம்மா டி.சி. கேட்டு வந்தாள். ஷெட்டில் வயசுக்குச் சான்று கேட்கிறார்களாம். ஹெச்.எம். ரூமில் நிற்க வைக்காமல் உட்கார வைத்தேன். க்ளாஸ் டீச்சர் நான், நான்தான் எழுதணும். பெயர், பிறந்த தேதி, படித்த வகுப்பு. நடத்தை: மிக நன்று. பள்ளியை விட்டு நீங்கக் காரணம் என்கிற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

ஹெச்.எம். எட்டிப் பார்த்தார். "பெற்றோர் விருப்பம்னு போடுங்க மேடம். எப்பவும் போடுறதுதானே."

அப்படியே போட்டேன். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதிக்கீற என்று கேட்டாள். படித்துக் காட்டினேன்.

"நானா விருப்பப்பட்டேன்?" என்றாள்.

ஹெச்.எம். கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, நீட்டினார். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.